அக்காவின் கிளினிக் கொப்பி

நிறை குறைக்கிற சத்திரசிகிச்சை பற்றி எங்கட ஊரில எல்லாரிட்டயும் ஒரு கருத்து இருக்கு. "வாயைக் கட்டினால் போதும், வயித்தை ஏன் வெட்டுவான்?" என்பது ஒன்று. "காசுக்காரர் செய்யிற வேலை" என்பது இன்னொன்று. "இனி ஒரு இடியப்பத்துக்கு மேல சாப்பிடேலாதாம், பாவம்" என்று இரக்கப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வருகிற கிளினிக்குகள் பற்றி யாரும் கதைத்து நாங்கள் கேட்டதில்லை. செய்துகொண்டவர்களே அதைப்பற்றிப் பெரிதாகக் கதைப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் இரண்டு தங்கச்சிமார். ஒருத்தி வெள்ளவத்தையில் ரூம் எடுத்துப் படிக்கிறவள். மற்றவள் யாழ்ப்பாணத்தில் வீட்டோடு இருந்து வேலைக்குப் போகிறவள். சத்திரசிகிச்சை செய்தது எங்கள் மூத்த அக்கா. இதை வாசித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் வெட்டச் சொல்லி, பிறகு "சரி, போடுங்கோ, பேர் மட்டும் போடாதேங்கோ" என்று சொன்னவரும் அவர்தான்.

அக்காவுக்கு அப்போது 30 வயது. உயரம் 158 சென்ரிமீற்றர், நிறை 118 கிலோ. சீனி வருத்தம் 26 வயதிலேயே வந்துவிட்டது. மாதவிடாய் ஒழுங்கில்லை, சூலகத்தில் நீர்க்கட்டிகள் இருக்கு என்று ஸ்கான் செய்து சொல்லியிருந்தார்கள். கலியாணம் கட்டி நாலு வருசம். நடை, கொள்ளு, வெந்தயத் தண்ணி, கனடாவில இருந்து வந்த பவுடர் என்று எல்லாம் பார்த்தாச்சு. கடைசியில் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் 'ஸ்லீவ்' என்கிற முறையில் செய்தார்கள். இரைப்பையின் முக்கால்வாசிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் மாதிரிக் குழாயாக விடுவார்கள். தியேட்டருக்குள் போனதும் வந்ததும் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு விடும்போது ஒரு கொப்பியைக் கையில் தந்தார்கள். இரண்டு கிழமை, ஆறு கிழமை, மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், ஒன்றரை வருடம், இரண்டு வருடம், அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருக்கா. "எவ்வளவு காலத்துக்கு மிஸ்?" என்று கேட்டோம். "சாகும்வரைக்கும்தான்" என்று நேர்ஸ் சிரித்துக்கொண்டு சொன்னார். பகிடி என்று நினைத்துத் தேடிப் பார்த்தால், பிரித்தானியாவில் 'நைஸ்' நிறுவனம் 2014இல் போட்ட வழிகாட்டலும் அதைத்தான் சொல்கிறது: குறைந்தது இரண்டு வருடம் சத்திரசிகிச்சை செய்த குழுவே பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது சத்துக்குறைபாட்டுச் சோதனை, ஆயுள் முழுக்க.

யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு 400 கிலோமீற்றர் அளவு. இரவு பஸ் ஏறி, விடிய வெள்ளவத்தையில் இறங்கி, ரூமில் முகம் கழுவிக்கொண்டு நம்பர் எடுக்க ஓட வேண்டும். பிறகு மூன்று நாலு மணித்தியாலம் வாங்கில் காத்திருப்பு. அதற்குப் பிறகு டொக்டருக்கு முன்னால் கிடைப்பது ஐந்து நிமிடம், நல்ல நாள் என்றால் பத்து.

முதல் கிளினிக்கில் அந்த ஐந்து நிமிடம் எப்படிப் போனது என்றால், தராசில் ஏறச் சொன்னார்கள். குறைந்திருந்தது. "வெரி குட்" என்றார் டொக்டர். "எனி ப்ரொப்ளம்?" என்றார். "இல்லை சேர், எல்லாம் ஓகே" என்றார் அக்கா. துண்டு எழுதித் தந்தார்கள், வெளியில் வந்துவிட்டோம். ஓட்டோவில் ஏறின பிறகுதான் அக்கா சொல்கிறார், நாலு நாளாய்ச் சாப்பிட்டதெல்லாம் தொண்டைக்குக் கீழ நிக்குது, இரவில சத்தி வருது என்று. "ஏன் அக்கா உள்ளுக்குச் சொல்லேல்லை?" "அவர் வெரி குட் எண்டு சொன்ன பிறகு என்னெண்டு சொல்லுறது?"

இது அக்காவின் குணம் மட்டும் இல்லை. வாங்கில் இருந்து பார்த்தால் தெரியும், எங்கட சனம் டொக்டருக்கு முன்னால் போகும்போது ரிப்போர்ட் கார்ட் காட்டப் போகிற பிள்ளை மாதிரித்தான் போகும். தலை இழுத்து, நல்ல சட்டை போட்டு, நல்ல செய்தி மட்டும் சொல்லி. தராசு அதற்கு மாக்ஸ் போடுகிற இடம். ஆனால் நிறையை வீட்டுத் தராசே சொல்லும், அதற்கு 400 கிலோமீற்றர் போகத் தேவையில்லை. வீட்டில் யாரும் சொல்லமுடியாத விசயத்துக்குத்தான் அந்த ஐந்து நிமிடம்.

அடுத்த தடவைக்கு ஒரு 40 பக்கக் கொப்பி வாங்கினோம். ஆஸ்பத்திரிக் கொப்பி வேறு, இது எங்கட கொப்பி. என்ன சாப்பிட்டது, எது இறங்கியது, எது திரும்பி வந்தது, தண்ணி எத்தனை கப், எந்தக் குளிசை எத்தனை மணிக்கு. இரண்டு கிழமைக்கு எழுதினால் போதும், கோலம் தெரிந்துவிடும். அக்காவுக்குப் பாண் இறங்காது. சோறு கட்டியாகி நிக்கும். புட்டு என்றால் சொல்லவே வேண்டாம். இடியப்பம் சொதியில் ஊறினால் இறங்கும், மீன் இறங்கும், பொரிச்ச கோழி இறங்காது. இதைப் பார்த்த டயற்றீசியன், தின்னுற வேகத்தையும் சாப்பாட்டோட தண்ணி குடிக்கிறதையும் பற்றிக் கேட்டார். சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான் குடிக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்களாம். ஆனால் சோத்தோட ஒரு மிடறு தண்ணி குடிக்கிறது எங்கட வீட்டில் மூச்சு விடுகிற மாதிரி, அதை ஒருத்தரும் கணக்கில் எடுப்பதில்லை. கொப்பியில் எழுதும்போதுதான் கண்ணில் படும்.

டயற்றீசியன் தந்த தாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முழுக்க இங்கிலீசு. கொட்டேஜ் சீஸ், கிரீக் யோகட், டேர்க்கி. திருநெல்வேலிச் சந்தையில் போய் டேர்க்கி கேட்டால் என்ன கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் செய்தது, அக்காவின் கோப்பைகளை ஒரு கிழமைக்குப் படம் எடுத்துக்கொண்டு போய், "மிஸ், இதுக்குள்ள எது கூட, எது குறைவு?" என்று ஃபோனைக் காட்டினோம். ஒரு நாளைக்கு ஆகக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும், ஒரு முட்டையில் 6 கிராம் அளவுதான் இருக்கு என்றார். பிறகு தானே அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதினார்: மீன், நெத்தலி, முட்டை, பருப்பு, அவிச்ச கடலை, பயறு, தயிர். கோப்பையில் அதை முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டு, இடம் இருந்தால் இடியப்பம். எங்கட வீட்டுக் குசினிச் சுவரில் ஒட்டியிருப்பது அந்தப் பின்பக்கம்தான்.

விரதத்தைப் பற்றியும் கேட்டோம். அம்மா கேட்கச் சொல்லி விட்ட கேள்வி. வெள்ளிக்கிழமை, நல்லூர்த் திருவிழா, கந்தசஷ்டி என்று அக்கா சின்ன வயதில் இருந்து பிடிக்கிறவர். மரக்கறிச் சாப்பாடு எவ்வளவு நாளைக்கும் சரி, ஆனால் தண்ணியும் குளிசையும் புரதமும் நிற்கிற விரதம் வேண்டாம் என்று டொக்டர் தெளிவாகச் சொன்னார். டொக்டரே சொன்ன பிறகு அம்மாவும் ஒன்றும் கதைக்கவில்லை. நாங்கள் சொல்லியிருந்தால் அது ஆறு நாள் சண்டை.

குளிசைகளை எழுதிக்கொண்டு போவதை விடப் போத்தலோடு கொண்டுபோவது நல்லது. கனடாச் சித்தி கரடிக்குட்டி மாதிரி இனிப்பு விற்றமின் அனுப்பியிருந்தார். அக்காவுக்கு அது சரியான விருப்பம். டொக்டர் போத்தலைத் திருப்பி வாசித்துவிட்டு, இதில் இரும்புச்சத்தே இல்லை, இதை நம்பி மற்றதை விட வேண்டாம் என்றார். இன்னொரு விசயமும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா இரும்புக் குளிசையையும் கல்சியத்தையும் ஒன்றாகப் போட்டு, மேலே ஒரு தேத்தண்ணி குடித்துவந்தார். கல்சியமும் தேத்தண்ணியும் இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இரண்டு குளிசைக்கும் இடையில் இரண்டு மணித்தியாலமாவது விட வேண்டும்.

சீனிக் குளிசை விசயம் இதைவிடப் பாரதூரமானது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு சாப்பாடு குறைவதால் சீனி மளமளவென்று இறங்கும். அக்காவின் கிளிக்லசைட்டை நிப்பாட்டி, மெற்போமினை மட்டும் விட்டிருந்தார்கள். ஆனால் ஊரில் காய்ச்சலுக்கு ஒரு இடத்தில் மருந்து எடுக்கப் போனபோது, பழைய துண்டைப் பார்த்து அதே குளிசையைத் திருப்பி எழுதித் தந்தார்கள். கூடவே நோவுக்கு டைக்குளோபினக். நல்ல காலம், கொப்பியின் முதல் பக்கத்தில் கொழும்பு டொக்டரைக் கொண்டு சிவப்புப் பேனையால் எழுதுவித்திருந்தோம்: என்ன சத்திரசிகிச்சை, எப்போது, எந்தக் குளிசை நிறுத்தியது, எந்த நோக் குளிசை கூடாது. பைபாஸ் முறையில் செய்தவர்களுக்கு டைக்குளோபினக், இபுபுரோபன் மாதிரிக் குளிசைகளால் புண் வருகிற ஆபத்து கூட. ஸ்லீவ் செய்தவர்களையும் தவிர்க்கத்தான் சொல்கிறார்கள். அந்தச் சிவப்பு எழுத்தைக் காட்டியதும் இரண்டையும் வெட்டிவிட்டார்கள்.

மொழிப் பிரச்சினையைச் சொல்லாமல் விட ஏலாது. அங்கே டொக்டருக்குத் தமிழ் வராது, அக்காவுக்குச் சிங்களம் வராது, இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்ச இங்கிலீசு. நோவையும் தலைச்சுற்றையும் இன்னொரு மொழியில் சொல்லும்போது அது பாதியாகக் குறைந்துவிடும். அதனால் நாங்கள் மூன்று வசனம் பாடமாக்கிக்கொண்டு போனோம்: சத்திக்கு வமனெ யனவா, தலைச்சுற்றுக்கு ஒலுவ கெரகெனவா, விறைப்புக்கு ஹிரி வெட்டெனவா. மூன்றாவது வசனம் பிறகு எவ்வளவு உதவும் என்று அப்போது யோசிக்கவில்லை, சும்மா பட்டியலில் இருந்தது.

மூன்றாம் மாதம் தலைமயிர் கொட்டத் தொடங்கியது. குளியலறைத் தண்ணிப் பாதை அடைக்கிற அளவுக்கு. 118 கிலோவாக இருந்த காலத்தில் ஊர் அக்காவைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை "நல்ல தலைமயிர்" என்பது. அது போகிறது என்றால் எப்படி இருக்கும்? கிளினிக்கில் கேட்டபோது, நிறை வேகமாகக் குறைகிறபோது மூன்று தொடக்கம் ஆறு மாதத்துக்குள் இப்படிக் கொட்டுவது வழமை, பெரும்பாலும் திரும்பி வரும் என்றார்கள். ஆனாலும் இரும்பும் புரதமும் சரிதானா என்று இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆறுதல் வீட்டில் ஆயிரம் தடவை சொன்னாலும் கிடைத்திருக்காது. வருடம் முடியும்போது கொட்டுவது நின்று, நெற்றியோரம் முழுக்கக் குட்டி மயிர் முளைத்திருந்தது.

ஆறாம் மாதக் கிளினிக்குக்கு மாமி, அதுதான் அக்காவின் மாமியார், நானும் வாறன் என்று கூட வந்தார். நல்ல மனுசி, வழி முழுக்க அக்காவுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்தவர். ஆனால் அறைக்குள் போனதும் மாமியே கதைக்கத் தொடங்கினார். "இப்ப பிள்ளைக்கு எல்லாம் ஒழுங்கா வருது டொக்டர், இனிக் குழந்தைக்குப் பார்க்கலாம்தானே?" அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவருக்குக் கேட்க வேறு கேள்விகள் இருந்தன என்று எங்களுக்குத் தெரியும். அதனால் நேர்ஸிடம், "மிஸ், அக்கா கொஞ்ச நேரம் தனியக் கதைக்கோணுமாம்" என்றோம். நேர்ஸ் ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை. எங்களையும் மாமியையும் சேர்த்தே வெளியில் அனுப்பினார்.

உள்ளே என்ன கதைத்தது என்பதில் அக்கா எழுதச் சொன்ன அளவு இதுதான். நிறை குறையும்போது மாதவிடாய் ஒழுங்காகி, நினைக்காத நேரத்தில் கரு தங்கலாம். ஆனால் நிறை இறங்கிக்கொண்டிருக்கிற காலம் அதற்கு உகந்தது இல்லை, தாய்க்கும் பிள்ளைக்கும் சத்துப் போதாது. 12 தொடக்கம் 18 மாதமாவது பொறுக்கத்தான் சொல்கிறார்கள். அதுவரைக்கும் குடும்பக் கட்டுப்பாடு வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்கு வாயால் போடுகிற குளிசை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் எந்த முறை என்று கேட்டே தீர்மானிக்க வேண்டும். மாமிக்கு முன்னால் இதில் ஒரு வசனத்தையும் அக்கா கேட்டிருக்கமாட்டார். பிறகு டொக்டரே மாமியைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு வருடம் பொறுங்கோ என்று சொன்னது அக்காவுக்குப் பெரிய உபகாரம். ஊர் கேட்கிறபோது "டொக்டர் சொன்னவர்" என்று இப்போது மாமிதான் பதில் சொல்கிறார். கூடப் போகிறவர்கள் வெளியில் போகவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். அது புருசன் என்றாலும் சரி, நாங்கள் என்றாலும் சரி.

ஒரு வருடத்தில் அக்கா 84 கிலோ. ஊரே பாராட்டியது. பாராட்டு என்றால் எங்கட ஊர்ப் பாராட்டு, "என்ன பிள்ளை, ஏதும் வருத்தமோ, முகம் ஒட்டிப்போச்சு" என்கிற மாதிரி. பிறகு ஒன்றரை வருடக் கிளினிக் வரும்போது 87. அந்த மூன்று கிலோதான் பிரச்சினை. "நான் போகேல்லை" என்றார் அக்கா. லீவு இல்லை, பஸ்ஸில் முதுகு நோகுது, இப்ப சுகமாத்தானே இருக்கிறன் என்று காரணம் காரணமாக வந்தது. கடைசியில், இரவு பதினொரு மணிக்கு, "அந்தத் தராசில ஏறி அவர் முகத்தைப் பார்க்கேலாது" என்றார். வெரி குட் என்று ஐந்து தடவை கேட்டு வந்தவருக்கு ஆறாம் தடவை அது கிடைக்காதே என்ற பயம். அந்த இரவு கொஞ்சம் அழுகையும் இருந்தது, அதைத்தான் வெட்டச் சொன்னார், இந்த ஒரு வரியை மட்டும் விட்டிருக்கிறோம்.

"தராசில ஏறாமலே போவம் அக்கா. மிஸ்ஸிட்ட நாங்கள் சொல்லுறம்" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினோம். அங்கே போய் நேர்ஸிடம் சொன்னதும், நம்பரைப் பார்க்காமல் திரும்பி நின்று ஏறுங்கோ, நான் எழுதுறன், சொல்லமாட்டன் என்றார். பலர் அப்படிக் கேட்பார்களாம். டொக்டர் அந்த மூன்று கிலோவைப் பார்த்துவிட்டு, அடிமட்டத்துக்கு வந்த பிறகு கொஞ்சம் ஏறுவது வழமை என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். பிறகு, "எனி ப்ரொப்ளம்?"

அக்கா எங்களைப் பார்த்தார். பிறகு காலைக் காட்டி, "ஹிரி வெட்டெனவா" என்றார்.

இரண்டு மாதமாய் உள்ளங்கால் விறைத்திருக்கிறது. செருப்புக் கழன்றாலும் தெரியவில்லை. சீனி வருத்தக்காரருக்கு அப்படித்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வீட்டில் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. டொக்டர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார், விற்றமின் குளிசை போடுறீங்களா? முடிந்து நாலு மாதம், விலையைப் பார்த்து வாங்கவில்லை. உடனே விற்றமின் பி12 பார்க்கச் சொன்னார்கள். வெளியில்தான் செய்ய வேண்டியிருந்தது. முடிவு, மிகக் குறைவு. பி12 உடம்பில் சேர இரைப்பையில் சுரக்கிற ஒரு பொருள் வேண்டும், இரைப்பை குறைந்தால் அதுவும் குறையும். மெற்போமினும் பி12ஐக் குறைக்கும். ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது, மெல்ல மெல்லத்தான் வரும். நீண்ட காலம் விட்டால் நரம்புச் சேதம் திரும்பாமலும் போகலாம். சீனியின் விறைப்பு என்று இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும். ஊசி தொடங்கினார்கள், முதலில் அடிக்கடி, இப்போது மாதம் ஒன்று. அது யாழ்ப்பாணத்திலேயே போடலாம். விறைப்பு முழுக்கப் போகவில்லை, ஆனால் செருப்புக் கழன்றால் இப்போது தெரிகிறது.

கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக்கூடாத விசயங்களையும் அன்றைக்கு ஒரு பட்டியலாக வாங்கிக்கொண்டோம். தண்ணிகூட நிற்காமல் தொடர்ந்து சத்தி (இதனால் பி1 விற்றமின் சில கிழமைகளிலேயே இறங்கி மூளையைத் தாக்கலாம்), காய்ச்சலோடு வயிற்று நோ, நெஞ்சு படபடப்பு நிற்காமல் இருப்பது, மூச்சு முட்டுவது, ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, கறுப்பாய் மலம் போவது. இவை எதுவென்றாலும் கொப்பியையும் தூக்கிக்கொண்டு கிட்ட இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அதே நாள் போக வேண்டும்.

எது நேரில் வர வேண்டிய கிளினிக், எதை ஊரில் செய்து ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பலாம் என்றும் கேட்டோம். கேட்டால் சொல்கிறார்கள். இப்போது இரத்தச் சோதனை எல்லாம் யாழ்ப்பாணத்தில் இரண்டு கிழமைக்கு முதல் செய்துவிடுகிறோம், முடிவு கையில் இருந்தால்தான் அந்த ஐந்து நிமிடத்தில் அதைப்பற்றிக் கதைக்கலாம்.

இரண்டு வருடக் கிளினிக் வாற மாதம். எங்கட கொப்பியில் அக்கா 14 கேள்வி எழுதியிருக்கிறார், அதில் மூன்றைத் தெரிந்து மேலே எழுதச் சொல்லியிருக்கிறோம். முதலாவது, கைக்குக் கீழ தொங்குகிற தோலுக்கு என்ன செய்யலாம், சாறிச் சட்டை தைக்கேலாமல் இருக்கு. இரண்டாவது, ஃபோலிக் அசிட் எப்ப தொடங்கிறது, எவ்வளவு. மூன்றாவது, பிள்ளை தங்கினால் சீனி பார்க்கக் குடிக்கத் தாற குளுக்கோஸ் தண்ணி தன்னுடைய வயிற்றுக்கு ஒத்துவருமா, இல்லையென்றால் வேறு என்ன மாதிரிப் பார்ப்பீங்கள். செவ்வாய்க்கிழமை காலமை வெறும் வயிற்றில் இரத்தம் குடுக்கப் போகிறார். இந்தமுறை அத்தானும் வருகிறார், பஸ்ஸுக்கு நாலு சீற் புக் பண்ணியாச்சு.